கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும்

நாத்தனார் வாயால் அண்ணிக்கு நல்ல பேர் கிடைத்தால் அன்றைக்கு மழை கொட்டும் என்று கேலி பேசுவார்கள். கொட்டட்டும். நான் என் அண்ணியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், அதுவும் நல்லதாகத்தான். அவருக்குச் சமைக்க வராது, பொய் சொல்ல வராது, கோபம் வந்தால் பேச்சே வராது. எனக்கு இவையெல்லாம் நன்றாக வரும் என்பதால் எங்களுக்குள் பெரிய சண்டை வந்ததில்லை.

எங்கள் வீட்டில் கீழே என் தையல் கடை. நடு மாடியில் நானும் அண்ணியும். அண்ணனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில்தான் குடித்தனம். மேலே ஒற்றை அறையில் அப்பா. காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். அம்மா போன பிறகு தானாகவே மேலே ஏறிக்கொண்டார். ஒருமுறை மாடிப்படியில் மயங்கி உட்கார்ந்துவிட்டார். "தனியா விடாதீங்க, அப்பப்போ போய்ப் பாத்துக்கோங்க" என்றார் டாக்டர். அந்தப் போய்ப் பார்ப்பதுதான் நடக்காத காரியம். தண்ணீர் கொண்டுபோகிற சாக்கில் கதவைத் தள்ளினால், தலையைத் திருப்பாமலே கேட்பார்:

"உயிரோட இருக்கேனான்னு பாக்க வந்தியா? இருக்கேன். போ."

இன்னொரு தரம் எட்டிப் பார்த்தால் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவதாகவும் சொன்னார். சொன்னதைச் செய்கிற மனுஷர். அவரைத் தனியாக விடவும் எனக்குப் பயம், போய்ப் பார்க்கவும் பயம்.

அண்ணி, ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிற ஒரு கம்பெனியில் இருக்கிறார். அங்கே அவருக்கு 'பூட்டுக்காரி' என்று பட்டப்பெயர். அப்படி என்னதான் வேலை என்று கேட்டால் என் கடை அலமாரியைக் காட்டுவார். அந்த அலமாரியும் அவர் யோசனைதான். துணி கொடுத்தவரின் போன் நம்பரில் கடைசி இரண்டு எண் எதுவோ, அந்த எண் போட்ட அறையில் துணியை வைக்க வேண்டும். தேடுகிற வேலையே கிடையாது, கை நேராக அங்கே போகும். ஒரே அறையில் இரண்டு பேர் துணி சேர்ந்துவிட்டால் சீட்டைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம்.

"இதைத்தான் நாங்க ஹாஷ் டேபிள்னு சொல்றோம். எங்களுது கம்ப்யூட்டர் மெமரியில இருக்கு. கட்டில் நம்பரைச் சொன்னா யார் படுத்திருக்காங்கன்னு சொல்லிடும். அட்மிஷனுக்கு ஒரு புரோகிராம், டிஸ்சார்ஜுக்கு ஒண்ணு, சாப்பாட்டுக்கு ஒண்ணுன்னு எல்லாம் தனித்தனியா ஓடும். ஆனா அலமாரி ஒண்ணுதான்."

"ஒண்ணா இருந்தா நல்லதுதானே அண்ணி?"

"உன் கடையிலயும் ஒண்ணுதான். நல்லாவா இருக்கு?"

அந்த வாரம்தான் வக்கீல் பேன்ட் கூத்து நடந்திருந்தது. பக்கத்துத் தெரு வக்கீல் நீளம் குறைக்கச் சொல்லிப் பேன்ட் கொடுத்திருந்தார். கட்டிங் மாஸ்டர் சீட்டைப் படித்துவிட்டு சாக்பீஸ் எடுக்கப் போனார், போன இடத்தில் யாரிடமோ ஊர்க்கதை பேசிக்கொண்டு நின்றுவிட்டார். அதற்குள் நான் அதே சீட்டைப் படித்து, பேன்ட்டைக் குறைத்துத் தைத்து, திரும்ப வைத்தேன். மாஸ்டர் வந்தார். படித்ததுதான் மனசில் இருக்கிறதே, மறுபடி எதற்குப் படிப்பது? அவர் பங்குக்கு இன்னொரு தரம் குறைத்துவிட்டார். போட்டுப் பார்த்த வக்கீல், "இதைப் போட்டுக்கிட்டு மீன் பிடிக்கப் போகலாம், கோர்ட்டுக்குப் போக முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதைச் சொன்னபோது அண்ணி சிரிக்கவே இல்லை. "எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான். ரெண்டு கவுண்டர்ல ரெண்டு புரோகிராம். ரெண்டும் ஒரே கட்டிலைப் பாத்துச்சு, காலியா இருந்துச்சு. ஆளுக்கொருத்தரை எழுதிடுச்சு. ரெண்டு நோயாளிங்க ஒரே கட்டில் முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தாங்க, பாவம். எழுதும்போது மட்டும் மத்த புரோகிராம் தொடாம பூட்டினா போதாது. பாக்குறதுக்கு முன்னாடியே பூட்டணும், எழுதி முடிச்சப்புறம்தான் திறக்கணும்."

மறுநாள் கடைக்கு நாடா வந்தது. எனக்குச் சிவப்பு, மாஸ்டருக்கு நீலம், இஸ்திரி போடும் அக்காவுக்கு மஞ்சள். ஒவ்வொரு அறைக்கும் ஓர் ஆணி. சீட்டைப் படிப்பதற்கு முன்பே உன் நாடாவை ஆணியில் கட்டிவிட வேண்டும், துணியைத் திரும்ப வைத்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும். அடுத்தவர் நாடா தொங்கினால் அந்த அறைப் பக்கம் போகக்கூடாது. அலமாரிக்கே ஒரே நாடாவாகக் கட்டிவிடலாமே என்று மாஸ்டர் கேட்டார். ஒருத்தர் வேலை செய்கிறவரை மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்றார் அண்ணி.

"அது சரி, ஆளுக்கொரு நிறம் எதுக்கு?" என்று நான் கேட்டேன்.

அதற்கும் ஓர் ஆபீஸ் கதை இருந்தது. ஒருநாள் டிஸ்சார்ஜ் புரோகிராம் பூட்டைப் போட்டுவிட்டு நடுவேலையில் செத்துப்போனது. பூட்டு அப்படியே கிடந்தது. மற்ற புரோகிராமெல்லாம் மரியாதையாக வரிசையில் நின்றன. எல்லாம் காத்திருந்ததால் தப்பு நடந்ததே வெகுநேரம் யாருக்கும் தெரியவில்லை. அதிலிருந்து பூட்டின் மேல் பூட்டியவரின் எண்ணும் இருக்கும்படி அண்ணி செய்துவிட்டார். நேரம் அதிகமானால் காத்திருப்பவர் போய்ப் பார்க்க வேண்டும். பூட்டியவர் உயிரோடு இருந்தால் பேசாமல் திரும்பி வந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் மட்டும்தான் பூட்டை எடுத்துக்கொள்ளலாம், அப்போதும் பாதியில் நிற்கிற வேலையைச் சரிபார்த்த பிறகுதான் மேலே கை வைக்கலாம்.

"பூட்டைப் பாத்துக்கிட்டு நிக்காதே, பூட்டினவரைப் போய்ப் பார்" என்று அடிக்கடி சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து அண்ணி மேல்மாடிக்குப் போய், கடையில் பட்டன் தைக்க ஆள் இல்லை, நீங்கள் தைத்துத் தருவீர்களா மாமா என்று கேட்டார். சும்மா இருந்து அலுத்துப்போயிருந்த அப்பா ஒத்துக்கொண்டார். ஸ்டியரிங் பிடித்த கை ஊசி பிடித்தது. அவருக்குப் பச்சை நாடா. காலையில் இறங்கி வந்து நாடாவைக் கட்டுவார், துணியோடு மேலே ஏறுவார், தைத்து முடித்ததும் வந்து வைத்துவிட்டு அவிழ்ப்பார். எங்கள் யாருக்கும் அடங்காத மனுஷர் அந்த நாடாவுக்கு மட்டும் அடங்கினார். முடிச்சு மேல் முடிச்சாகப் போடுவார்.

அன்றைக்கு அவர் எடுத்துப்போனது வக்கீலின் கோட். அந்த வக்கீலுக்கும் எங்கள் கடைக்கும் என்ன ராசியோ. மதியம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார், மேலே போன கோட் இறங்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த அண்ணி ஏதோ எடுக்கக் கீழே வந்தவர், அலமாரி முன்னால் நின்றுவிட்டார்.

"மாமா நாடா எப்பலேர்ந்து இருக்கு?"

"காலையிலேர்ந்து. நாலு பட்டனுக்கு இவ்ளோ நேரம். கேட்டா கடிப்பாரு, நீங்க பேசாம இருங்க."

அண்ணி படிகளில் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு கத்தல். அண்ணி கத்தி நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

அப்பா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. மடியில் கோட், அதில் குத்தியபடி ஊசி.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "நல்ல வேளை, சீக்கிரம் கொண்டுவந்துட்டீங்க" என்றார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வெளியே பெஞ்சில் அண்ணி வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இதுக்காகத்தான் அப்பாவுக்கும் ஒரு நாடா குடுத்தீங்களா?"

"எட்டிப் பாக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு. கோட்டு எங்கேன்னு கேக்கக் கூடாதுன்னு சொல்லலையே" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. அழுதேன்.

அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பிழைப்பார் என்றும் சொன்னார்கள், பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். இதற்கு நடுவில் கடையைத் திறந்தாக வேண்டும், வக்கீலுக்கு கோட் கொடுத்தாக வேண்டும். மீதிப் பட்டனை நானே தைத்துவிடலாம் என்று கத்தரிக்கோலோடு அந்தப் பச்சை முடிச்சிடம் போனேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டினவர் இல்லைன்னாதான் அடுத்தவங்க அவிழ்க்கலாம். மாமா இருக்காரு."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். பட்டன் பாதி வைத்த கோட்டை அதே அறையில் வைத்தோம். வக்கீலிடம் நடந்ததைச் சொன்னேன். "பெரியவரே வந்து தைக்கட்டும். என் பழைய கோட்டு இன்னும் கிழியலை" என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த நல்ல மனுஷர். தினமும் கடையைத் திறந்ததும் என் கண் முதலில் அந்த ஆணிக்குத்தான் போகும். நாடா இருக்கிறதைப் பார்த்த பிறகுதான் மெஷினில் உட்காருவேன்.

அப்பா வீடு திரும்பிய அன்று, மாஸ்டரும் அண்ணியும் இரண்டு பக்கமும் தாங்கி அழைத்து வந்தார்கள். அலமாரிக்கு நேரே வந்ததும் காலை ஊன்றி நின்றுவிட்டார். இடது கையை நீட்டினார். பழகாத கை. முடிச்சோ அவரே போட்ட முடிச்சு. நகத்தால் நிமிண்டினார், வழுக்கியது, மறுபடி நிமிண்டினார். நான் ஓரடி எடுத்து வைத்ததும் அண்ணி ஒரு பார்வை பார்த்தார். அப்படியே நின்றேன். இஸ்திரிப் பெட்டியை ஓரம் வைத்துவிட்டு அக்காவும் நின்றாள்.

கடைசியில் அவிழ்ந்தது. நாடாவை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டு அப்பா அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கேம்மா" என்றார், குழறலாக.

போ என்று சொல்லவில்லை.