வசந்தியக்காவின் பித்தப்பைக் கல்

1. திரும்பி வந்த முதல் நாள்

பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று வந்த முதல் நோயாளி, ஐம்பது வயது கடந்த ஒரு சிஞ்ஞோரா, இத்தாலியப் பெண்மணி. எழுந்து கை கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"டொத்தோரெஸ்ஸா, எனக்கு இப்படியே வேண்டும். உங்களுக்கு யார் செய்தது?"

"என் மகன்," என்றேன்.

"அவருடைய கிளினிக் எங்கே இருக்கிறது?"

அவனுக்கு அப்போது ஏழு மாதம். அந்த நேரம் நாங்கள் குடியிருக்கும் சீசா என்ற பகுதியில் என் அம்மாவின் மடியில் இருந்து பருப்புச் சோற்றைத் துப்பிக்கொண்டிருந்திருப்பான். எனக்குப் பால் கட்டி மார்பு பெருத்திருந்தது, அவ்வளவுதான். சிஞ்ஞோராவுக்கு அதை விளங்கப்படுத்திய பிறகும் அவர் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. நான் சட்டை நனைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அதைக் கண்டு அவரும் குனிந்து பார்த்தார்.

நான் இத்தாலியின் பலெர்மோ நகரில் ஓர் அரச ஆஸ்பத்திரியில் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை செய்கிறேன். மார்பைச் சிறிதாக்குவது, தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி இறுக்குவது, கொழுப்பு உறிஞ்சுவது எல்லாம் என் வேலை. இந்தத் துறைக்கு வர விரும்பும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதித் தரும்படி ஒரு மாணவர் மலருக்குக் கேட்டார்கள். எழுதலாமா கூடாதா என்று நெடுநாள் யோசித்தேன். நோயாளியின் கதை நோயாளிக்குச் சொந்தம். ஆகவே இதில் வரும் மூன்று பேரிடமும் அனுமதி கேட்டேன். தந்தார்கள். பிறகு சந்தேகம் வந்து இன்னொரு தரம் கேட்டேன். பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். ஒருவர் மட்டும் நிபந்தனை வைத்தார்: தன்னை மெல்லிய உடம்புக்காரியாக எழுத வேண்டுமாம். எழுதியிருக்கிறேன்.

2. வீட்டில் சொன்ன வருத்தம்

வசந்தியக்கா கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் ஒரு வில்லாவில் துப்புரவு வேலையும் இஸ்திரி வேலையும் செய்பவர். என் அம்மாவும் அவரும் ஒரு காலத்தில் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனவர்கள். என் அறைக்குள் வந்ததும் கதவைச் சாத்தினார். சாத்திய கதவை இழுத்துப் பார்த்தார்.

"பிள்ளை, அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேயும்."

"நான் ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது அக்கா. சட்டம் அப்பிடி."

"சட்டத்தை விடும். சத்தியம் பண்ணும்."

சத்தியம் பண்ணினேன். பிறகுதான் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். பிரா நாடா அறுத்து அறுத்து இரண்டு தோளிலும் விரல் வைக்கக்கூடிய பள்ளம் விழுந்திருந்தது. மார்புக்குக் கீழே தோல் அவிந்து சிவந்திருந்தது. கழுத்து வலி, முதுகு வலி, இஸ்திரிப் பெட்டி பிடித்தால் விரல் விறைப்பு. எங்கள் துறையில் இதை அழகு என்று ஒரு பக்கமும் வைத்தியம் என்று ஒரு பக்கமும் பிரித்துப் பேசுவார்கள். அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தால் அந்தப் பேச்சு வராது.

"வெளியிலை தெரிஞ்சால் 'அழகுக்கு வெட்டினவள்' எண்டு சொல்லுவினம்," என்றார். "நான் கோயிலிலை அன்னதானச் சமையலுக்கு நிக்கிறனான். அகப்பையோடை நிக்கேக்கை எல்லாரும் என்ரை நெஞ்சைத்தான் பாப்பினம். பிறகு நான் அந்த வாசல் மிதிக்க மாட்டன், பிள்ளை."

"அப்ப என்ன சொல்லியிருக்கிறியள்?"

"பித்தப்பை."

"குணமண்ணைக்கும்?"

"இவருக்கும் பித்தப்பைதான்."

குணமண்ணை அவருடைய கணவர். நகரின் பழைய பகுதியான கால்சாவில் மாளிகைகளைத் திருத்துகிற இடத்தில் கல் வேலை செய்கிறார்.

எனக்கு இரண்டு கவலை வந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களுக்குக் கையை மேலே தூக்கக் கூடாது, பாரம் எடுக்கக் கூடாது, துணி காயப்போடக் கூடாது. பித்தப்பை என்று நம்புகிற மனுசன், "அது வயித்திலைதானே, கைக்கு என்ன?" என்று கேட்டால் என்ன செய்வது? இரண்டாவது கவலை கல்.

இதைச் சொல்லாவிட்டால் வெளியாருக்கு விளங்காது. முந்தின வருடம் எங்கள் ஆட்களில் ஒருவருக்குப் பித்தப்பை எடுத்தார்கள். எடுத்த கற்களை ஆஸ்பத்திரியில் ஒரு சிறிய போத்தலில் போட்டுக் கொடுத்தார்கள். அவர் அதைக் கோயிலுக்குக் கொண்டு வந்து பந்தியில் சுற்றவிட்டார். சாம்பார் வாளிக்குப் பின்னால் போத்தல் வந்தது. அதிலிருந்து பித்தப்பைக்காரரைப் பார்க்கப் போனால் கல்லைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று வழக்கமாகிவிட்டது. வசந்தியக்கா அவசரத்தில் அதை மறந்து போனார். குடலிறக்கம் என்று சொல்லியிருந்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

3. கோடும் மேசையும்

மார்பைச் சிறிதாக்கும்போது, வெட்டுவதை விடக் கோடு போடுவதுதான் கடினம். நோயாளியை நிற்க வைத்து, மயக்கம் கொடுக்க முன்பே பேனையால் தோலில் போட வேண்டும். படுத்தால் எல்லாம் பக்கவாட்டில் சரிந்துவிடும். பிறகு எந்தக் கணக்கும் உதவாது. கழுத்தெலும்பிலிருந்து அளந்தேன். கோடு போட்டேன். திரும்ப அளந்தேன். சரியாகத்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து மூன்றாம் தரம் அளந்தேன்.

வசந்தியக்கா குனிந்து தன்னைப் பார்த்தார். "என்ன பிள்ளை, சீசா பஸ் றூட் மாதிரிக் கிடக்கு."

எங்கள் பிரிவின் தலைவரை இங்கே பிரிமாரியோ என்போம். அவர் கதவடியில் நின்று, "டொத்தோரெஸ்ஸா, நீங்கள் பாலம் கட்டவில்லை," என்றார். விடுப்புக்குப் பிறகு நான் தலைமை தாங்கும் முதல் சத்திரசிகிச்சை அது. என் கை மறந்திருக்குமோ என்று அவருக்குப் பயமோ இல்லையோ, எனக்கு இருந்தது.

கை மறக்கவில்லை. இரண்டு பக்கமும் எடுத்த திசுவை எடை பார்த்து, பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, தற்காலிகமாகத் தைத்தோம். அதன் பிறகு செய்கிற ஒரு காரியத்தைப் புதியவர்கள் கண்டால் சிரிப்பார்கள். மயக்கத்தில் இருக்கும் நோயாளியை மேசையோடு நிமிர்த்தி உட்கார வைப்போம். எல்லோரும் கதவு வரை பின்னால் போய், கையை மேலே பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துப் பார்ப்போம். மாலை கட்டிய படம் நேராகத் தொங்குகிறதா என்று பார்ப்பது போல. மயக்க மருந்து டாக்டர் இடது பக்கம் ஒரு நூல் உயரம் என்றார். தாதி வலது என்றார். சக்கரக் கட்டில் தள்ள வந்தவரும் கண்ணாடி வழியாகக் கட்டை விரலை உயர்த்தினார். நான் ஒரு தையலைப் பிரித்துத் திரும்பப் போட்டேன். அது தேவையில்லாமலும் இருந்திருக்கலாம். இன்றுவரை தெரியாது.

வெளியே வந்தபோது நடைபாதையில் குணமண்ணை நின்றார். நான் வாயைத் திறக்க முன்பே கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம், பிள்ளை. எனக்குத் தெரியும். கதவிலை 'பிளாஸ்ரிக்' எண்டு இவ்வளவு பெரிசா எழுதிக் கிடக்கு. இத்தினை வருசம் அந்த முதுகுக்கு எண்ணெய் பூசினவன் நான். பித்தப்பைக்காரி முதுகு பிடிச்சு விடச் சொல்லிக் கேப்பாளே?"

நான் கதவில் இருந்த பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியுமெண்டு அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. வெக்கப்படுவா. நாளைக்குச் சனம் வரும், கல்லுக் கேக்கும். அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

அன்று மாலை வசந்தியக்காவைப் பார்க்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார். "பிள்ளை, எங்கையாவது ஒரு பித்தக்கல்லு எடுத்துத் தாரும்."

"அக்கா, நான் பொய்க் கல்லுத் தர மாட்டன்."

"சரி, விடும். நான் பாத்துக்கொள்ளுறன்."

அவரவர் சொன்னது அவரவர் ரகசியம். வசந்தியக்காவுக்குக் குணமண்ணை தெரிந்து வைத்திருப்பதைச் சொல்ல முடியாது. குணமண்ணைக்கு வசந்தியக்கா பயப்படுவதைச் சொல்ல முடியாது. பிரிமாரியோவிடம் ஆலோசனை கேட்டேன். அவர் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "என் அத்தை கண் சிகிச்சைக்கென்று ரோமுக்குப் போய்ப் புது மூக்கோடு வந்தாள். கண் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று குடும்பமே பாராட்டினோம். நீங்கள் தையலைப் பாருங்கள்."

அந்த நேரம் அம்மா கைபேசியில் எடுத்தார். "வசந்திக்குப் பித்தப்பையாமே? உங்கடை ஆஸ்பத்திரியாம். நீ கண்டனியோ?" என்றார். பின்னால் மகன் அழுதான். அந்தச் சத்தம் கேட்டதும் பால் இறங்கி, பதில் சொல்லாமல் ஓடுவதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைத்தது.

4. பார்வையாளர் நேரம்

மறுநாள் பின்னேரம் கோயில் ஆட்கள் வந்தார்கள். முன்னுக்கு வந்தவர் ராணி அன்ரி, கோயில் மகளிர் குழுத் தலைவி, மெல்லிய உடம்புக்காரி. பித்தப்பைக்கு எண்ணெய் ஆகாது என்று எல்லோரும் அவித்ததாகவே கொண்டு வந்திருந்தார்கள். தேங்காய்ப்பால் விடாத சொதி, உப்புக் குறைத்த சூப், தாளிக்காத பருப்பு. வசந்தியக்கா முதல் நாள் இரவிலிருந்தே கோழிக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவர்.

"ஏன் வசந்தியைப் பிளாஸ்ரிக்கிலை போட்டிருக்கினம்?" என்று ராணி அன்ரி கேட்டார்.

"மற்ற வார்ட்டிலை கட்டில் இல்லையாம்," என்று குணமண்ணை உடனே சொன்னார். வசந்தியக்கா நன்றியோடு அவரைப் பார்த்தார். அவருடைய கணக்கில் அது குணமண்ணை ஏமாந்ததற்கு அடையாளம்.

"பித்தப்பைக்கு ஏன் நெஞ்சிலை குழாய்?"

"பித்தப்பை கொஞ்சம் மேலைதான் கிடக்கு," என்றார் குணமண்ணை.

"உமக்கென்ன தெரியும், கல்லுக் கொத்துறவருக்கு? டொக்டர் பிள்ளை, நீர் சொல்லும்."

"அன்ரி, நோயாளியைப் பற்றி நான் கதைக்க ஏலாது."

"பித்தப்பையிலை என்னடியம்மா ரகசியம்? சரி, கல்லைக் காட்டுங்கோ, பாத்திட்டுப் போவம்."

"இந்தா," என்று இரண்டு குரல் ஒன்றாக வந்தது.

வசந்தியக்கா தலையணைக்குக் கீழே இருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று, வழுவழுப்பாக, எலுமிச்சங்காய் அளவில் ஒரு கல். மொண்டெல்லோ வில்லாவின் பூந்தோட்டத்துப் பாதையில் பரப்பிய கல் என்று எனக்குப் பிறகு தெரிந்தது; வேறு கிடைக்காவிட்டால் உதவும் என்று முதலே பைக்குள் போட்டு வந்தாராம். அதே நேரம் குணமண்ணை சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசிக் கைக்குட்டையை எடுத்து விரித்திருந்தார். அதில் மஞ்சளாக, அரத்தால் ராவி உருட்டிய ஒரு சிறிய கல்.

எல்லோருடைய தலையும் போத்தலுக்கும் கைக்குட்டைக்கும் இடையில் மாறி மாறித் திரும்பியது.

"ரெண்டோ?" என்றார் ராணி அன்ரி.

"ரெண்டு," என்றார் குணமண்ணை.

"ரெண்டு," என்றார் வசந்தியக்கா.

"ஒண்டு வெள்ளை, ஒண்டு மஞ்சளோ?"

நான் சேலைன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்துப் பிரிமாரியோ உள்ளே வந்தார். ராணி அன்ரிக்கு இத்தாலியன் நன்றாக வரும். "புரொபெஸ்ஸோரே, இந்தக் கல்லுகளைப் பாருங்கள்! இது இயற்கையா?"

பிரிமாரியோ ஜாம் போத்தலை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மஞ்சள் கல்லையும் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"சிஞ்ஞோரா, இத்தனை வருட அனுபவத்தில், ஒரு மனித உடம்பிலிருந்து இப்படிப்பட்ட கல் வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ராணி அன்ரி கும்பிட்டுவிட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கைபேசியில் படம் எடுக்கத் தொடங்கினார். மற்றவர்கள் அவரைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

வசந்தியக்கா மஞ்சள் கல் கிடந்த கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கால்சாக் கல்லின் தூள் ஒட்டியிருந்தது. குணமண்ணையின் சட்டைக் கழுத்திலிருந்து ஒவ்வொரு நாளும் அவர் தட்டிக் கழுவுகிற தூள்.

"எப்ப எடுத்தனீங்கள்?" என்று மெல்லக் கேட்டார்.

குணமண்ணை செருப்பைப் பார்த்தார். "போன மாதம்."

வசந்தியக்காவின் கண் நிறைந்தது. சிரிப்பும் வந்தது. சிரித்தால் தையல் நோகும் என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் தையலைப் பற்றிக் கவலைப்பட்டேன். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

5. இப்போது நான் கேட்பது

அதற்குப் பிறகு சீசாவில் அவர்களுடைய பல்கனியில் குணமண்ணைதான் துணி காயப்போட்டார். எதிர்வீட்டு சிஞ்ஞோராக்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பகிடி பண்ணினார்களாம். தையல் நன்றாக ஆறியது. வசந்தியக்கா அகப்பையோடு பழைய இடத்தில் நிற்கிறார். அவர் மெலிந்துவிட்டதைச் சனம் கவனித்தது. "அவ்வளவு கல்லு கிடந்திருக்கு" என்று முடிவு கட்டியது.

இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அளவு நாடாவை எடுக்க முன், வீட்டில் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் அடுத்த சில வாரங்கள் யார் துணி காயப்போடுவார், யார் பாரம் தூக்குவார் என்பது இருக்கிறது. தையல் பிரிவதும் பிரியாததும் அங்கே பாதி தீர்மானமாகிவிடும். நான் இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். கேட்டதைச் சரியாகக் கேட்டேனா என்று வீட்டுக்குப் போய் யோசிக்கிறேன்.

சில மாதம் கழித்து, ராணி அன்ரி முன்பதிவு செய்து என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். சாத்திய கதவை இழுத்துப் பார்த்தார். கதிரையில் உட்கார்ந்து, பிரா நாடாவுக்குக் கீழே விரலை விட்டுத் தோளைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"பிள்ளை, எனக்கும் பித்தப்பையிலை கல்லு இருக்கெண்டு நினைக்கிறன்."

நான் சிரிக்கவில்லை. என் கேள்வியைக் கேட்டேன். "வீட்டிலை என்ன சொல்லப் போறியள், அன்ரி?"

அவர் கைப்பையைத் திறந்து, ஒரு சின்ன மருந்துப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ஒரு மஞ்சள் கல்.

"குணத்திட்டைச் சொல்லி எடுப்பிச்சனான்," என்றார். "ஒண்டு காணும். ரெண்டெண்டால் ஆக்கள் சந்தேகப்படுவினம்."