அரிசி டின்னில் ஒற்றை பூட்ஸ்

இதெல்லாம் தெரிந்து உனக்கு என்ன ஆகப்போகிறது? ரிட்டயரான பாஸ்டரின் வாழ்க்கை வேண்டுமென்றால் சபை மலரை வாங்கிப் படி. என் வீட்டுக்காரர் படத்தைப் போட்டு, நாற்பது வருஷ ஊழியம் என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறார்கள். அதில் ஓரிடத்தில்கூட அவர் சோறு சாப்பிட்டதாக இல்லை. காற்றைக் குடித்தே காலம் தள்ளினார் போலிருக்கிறது. அதை விட்டுவிட்டு, சோறு போட்டவளிடம் வந்து வீட்டுக்குள் என்ன நடந்தது என்று கேட்கிறாய். வெட்கம் கெட்ட கேள்வி. சரி, வந்தது வந்துவிட்டாய். உட்கார். குறுக்கே பேசாதே.

பாஸ்டர் வீட்டுச் சோறு என்றால் என்ன தெரியுமா? சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் கர்த்தருக்கென்று ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனி டின்னில் போடுவார்கள். மாதம் ஒருமுறை அது பாஸ்டர் வீட்டுக்கு வரும். முப்பது வீட்டு அரிசி ஒரே பானையில். ஒன்று குழையும், ஒன்று வேகாது, ஒன்று ரேஷன் கடை மூட்டை போல நாறும். ஒரு கவளம் வாயில் வைத்தால் யார் எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிடுவேன். முதல் பெஞ்சில் கண்ணை மூடி உருகி உருகி ஜெபிக்கிறாளே, புழு அரிசி அவளுடையதுதான்.

என் மகனும் மகளும் அதைத் தின்றுதான் வளர்ந்தார்கள். பிள்ளைகள் எந்த வகுப்பு படிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. சபையில் யாருக்கு மூலம், யாருக்கு மூட்டுவலி என்பது மட்டும் விரல்நுனியில் இருக்கும். மகனுக்குக் காய்ச்சல் என்றால் "ஜெபம் பண்ணு" என்பார். சபைக் கமிட்டிக்காரர் மகனுக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடிக்க ஓடுவார்.

அவர் ஒன்றும் பிறக்கும்போதே பாஸ்டர் இல்லை. கல்யாணமான புதிதில் மைனில், தங்கச் சுரங்கத்தில் வேலை. ஊழியத்துக்கு எப்படி வந்தார் என்பதற்கு ஒரு கதை வைத்திருந்தார். ஊரிகம் சபையில் ஒவ்வொரு வருஷமும் ஸ்தோத்திர ஆராதனையில் அதைச் சொல்வார். ஒருநாள் காலை, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கப் போனவரைக் கர்த்தர் கையைப் பிடித்து நிறுத்தினாராம். அன்றைக்குக் கீழே பாறை வெடித்து, அவருக்குப் பதிலாகப் போனவர் செத்துப்போனாராம். "என்னைத் தெரிந்தெடுத்தார்" என்னும்போது குரல் உடையும். எந்த எழுத்தில் உடையும் என்றுகூட எனக்குத் தெரியும்.

பதிலாகப் போனவரின் மனைவி மைன் குடியிருப்பில் எங்களுக்கு எதிர் லைன் வீட்டு அக்கா. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து அவளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கர்த்தர் என் புருஷனைப் பிடித்து நிறுத்தினார். அவள் புருஷனைப் பிடிக்க அவருக்குக் கை காலி இல்லை.

நடந்ததை நான் சொல்கிறேன். அன்றைக்கு ஆண்டர்சன்பேட்டையில் மேட்னி சினிமாவுக்குக் கூட்டிப் போவதாக அவர் சொல்லியிருந்தார். காலையில் எழுந்ததும் யாரோ ஆள் வேண்டுமென்று கேட்டார்கள் என்று ஷிப்ட்டுக்குக் கிளம்பினார். எனக்கு வந்த கோபத்தில் அவர் பூட்ஸ் ஒன்றை எடுத்துக் கர்த்தருடைய அரிசி டின்னில் போட்டு மூடிவிட்டேன். அடுப்பங்கரைப் பக்கமே வராத மனுஷன், அங்கே தேடவா போகிறார்? பூட்ஸ் இல்லாமல் கேஜில் ஏற விடமாட்டார்கள். லைன் முழுக்கத் தேடி, கேட்டு, சலித்து உட்கார்ந்தார். அக்காவின் புருஷனுக்கு அன்றைக்கு ஓய்வு. ஆள் குறைகிறது என்று இவருக்குப் பதிலாக அவர் போனார்.

தலையில் பூ வைத்துக்கொண்டு நான் மேட்னிக்குக் காத்திருந்தேன். அலமாரியில் பாத்திரங்கள் ஆடின. பிறகு மைனில் ஆபத்துச் சங்கு ஊதியது.

அன்று ராத்திரி பூட்ஸைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். அவர் பார்த்தார், எங்கே இருந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கர்த்தர் கொஞ்சம் சின்னவராகியிருப்பார், இவரும்தான். நானும் சொல்லவில்லை. பழியைக் கர்த்தர் ஏற்றுக்கொண்டால் எனக்கு நல்லதுதானே. அந்த மாத அரிசி அப்போதிருந்த பாஸ்டர் வீட்டுக்குப் போனது. நன்றாகவே சாப்பிட்டிருப்பார். பின்னாளில் எனக்கு அரிசி வரத் தொடங்கியபோது, இதில் எவள் புருஷன் பூட்ஸ் கிடந்ததோ என்று நினைத்துக்கொண்டே களைவேன்.

ரிட்டயரானதும் பாஸ்டர் வீட்டைக் காலி செய்துகொண்டு கல்யாணமான புதிதில் இருந்த என் அப்பாவின் லைன் வீட்டுக்கே திரும்பி வந்தோம். புதுப் பாஸ்டர் இவருக்குப் பிரசங்க பீடத்தைக் காட்டவே இல்லை. போன வருஷம் போனால் போகிறது என்று ஸ்தோத்திர ஆராதனையில் பத்து நிமிஷம் சாட்சி சொல்லக் கொடுத்தார். இவர் ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று குரலை உடைத்துப் பழகினார்.

குழாயடியில் அக்கா என்னைப் பிடித்தாள்.

"இன்னாடி, உன் வீட்டுக்காரரு இந்த வருசமும் அந்தக் கதையதான் சொல்லப் போறாரா?"

"வேற இன்னா கீது அவராண்ட?"

"அப்ப நா வரமாட்டேன். இனிமே எப்பவும் வரமாட்டேன். சாவறதுக்குள்ள இன்னொரு வாட்டி என்னால அதக் கேக்க முடியாது."

காய்ச்சலில்கூடக் கோயிலுக்கு வருகிறவள். என்னால் புருஷன் போனது போதாதென்று கோயிலும் போகப் போகிறது.

"இந்த ஒரு வாட்டி வாக்கா" என்றேன். "அதே கதைன்னா நானே எழுந்து உன்ன வெளிய கூட்டிகினு வந்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை இவர் ஒரு காலில் ஷூவோடு வீடெல்லாம் சுற்றினார்.

"ஏம்மே, இன்னொரு ஷூ எங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? கர்த்தர் எடுத்து வச்சிருப்பாரு. கேளுங்க."

"வெளையாடாதமே. மணி அடிச்சிட்டாங்க."

"அரிசி டின்னுல பாருங்க."

திறந்தார். ஷூவைத் தூக்கினார். உள்ளேயிருந்து அரிசி கொட்டியது. டின்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பவும் இதுலதானா?"

"இதுலதான்."

"இன்னாத்துக்கு?"

"மேட்னிக்கு."

அரிசியைக்கூட உதறாமல் ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

பீடத்தில் ஏறி, எழுதி வைத்திருந்த தாளை மடித்தார். "அன்றைக்கு என் பூட்ஸ் ஒன்று காணாமல் போயிற்று. என் இடத்தில் ஒரு நல்ல மனிதர் போனார். கர்த்தர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. நானாகச் சொல்லிக்கொண்டேன்" என்றார். இறங்கி வந்து உட்கார்ந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த ஒன்றுக்காக மத்தியானம் அவருக்கு ஒரு முட்டை கூடுதலாக வைத்தேன்.

கோயிலிலிருந்து திரும்பும் வழியில் மிச்சத்தை நானே அக்காவிடம் சொன்னேன். அவள் நடையைக்கூட நிறுத்தவில்லை.

"தெரியும்டி. அன்னிக்கு ஒத்த பூட்ஸோட உன் வீட்டுக்காரரு எங்க வாசல்லதான் வந்து நின்னாரு. எங்காளு தன்னோடதக் குடுத்தாரு, சைஸ் பத்தல. 'நீ தேடு, நா போய்ட்டு வரேன்'னு போனாரு. நீ பூ வச்சிகினு ஒக்காந்திருந்தத நா பாக்கலையா? பூட்ஸு தானா நடந்து போவுமா? ரெண்டு பேர்ல யாரு மொதல்ல வாயத் தொறக்கறீங்கன்னு பாத்துகினு இருந்தேன்."

"கோவமாக்கா?"

"பின்ன, சந்தோசமா? நாளையிலருந்து எனக்குத் தண்ணி நீ புடிச்சித் தூக்கிகினு வா."

மறுநாள் குழாயடியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஐயா இன்னா ரெண்டே நிமிசத்துல முடிச்சிட்டாரு? ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒண்ணியும் இல்ல" என்றேன். "ஷூவுக்குள்ள அரிசி. குத்திகினே இருந்தா எவ்ளோ நேரம்தான் நிப்பாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்காமல் தன் குடத்தைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.