தம் பிடித்த பிரேக்

என் கணவரின் அம்பாசடரை நான் அதிகம் ஓட்டியதில்லை. ஓட்டத் தெரியாமல் இல்லை. கராச்சர்மாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுவதுதான் என் வேலை. ஏற்றமும் இறக்கமுமான இந்தத் தீவு ரோட்டில், கொட்டுகிற மழையில், வளைவு திரும்பியதும் நடுரோட்டில் மாடு படுத்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. ஆனால் அம்பாசடர் அவருடைய செல்லம். ஒரு ஆபீஸில் கழித்துப் போட்டு ஏலம் விட்டபோது எடுத்தார். எடுத்த புதிதில் உட்கார்ந்து குனிந்து பார்த்தால் காலுக்குக் கீழே ரோடு தெரியும். இந்த உப்புக் காற்றில் ஒரு இரும்புச் சாமானைத் துருப்பிடிக்காமல் வைத்திருப்பதே பெரிய சண்டை. அந்தச் சண்டையை அவர் வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தார். தகடு வெட்டி ஒட்டினார், பெயின்ட் அடித்தார், மறுபடி சுரண்டினார். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் ஒரு உதிரி பாகம் வருகிறது என்றால் ஹேடோ ஜெட்டிக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார்.

போன வருஷம் மழை விட்ட பிறகு, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சிலர் ஒன்றுகூடி ஒரு ஓட்டம் வைத்தார்கள். கராச்சர்மா தாண்டி ஒரு கான்ட்ராக்டர், வீட்டு மனை போடுவதற்காக மேட்டைச் சுற்றித் தார் ரோடு போட்டு வைத்திருந்தார். வீடு ஒன்றும் இன்னும் வரவில்லை. ரோடு ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளுக்கு நான்கு சுற்று. பரிசு கிடையாது, பந்தயம் கிடையாது என்று சொல்லிக்கொண்டார்கள். முன்னால் ஒரு வண்டி போனால் பின்னால் வருகிறவன் சும்மா வருவானா?

என் கணவர் மாதக்கணக்கில் அதற்குத் தயார் செய்துகொண்டிருந்தார். நாள் நெருங்கும்போது, பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் டீ குடிக்கும்போது, "நீ ஓட்டேன்" என்றார்.

"நானா? அத்தன பேரு பாக்கவா?"

"அரே, பாத்தா என்ன? டெய்லி வேன் ஓட்டுறப்ப யாரும் பாக்கலையா?"

"வேன்ல இருக்கறது எல்லாம் யூகேஜி. அதுங்க என்னைப் பாக்காது. ஜன்னலத்தான் பாக்கும்."

எனக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கக் கூப்பிட்டால், உயரமான ஆளாகப் பார்த்து அவர் பின்னால் நிற்கிறவள் நான். ஆனால் அந்த மாவுக்கட்டுக் கையோடு அவர் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவதாகப் பேச்சு.

ஞாயிறு காலையில் போய் அந்த ரோட்டைப் பார்த்ததும் கூட்டத்தைப் பற்றிய வெட்கம் பின்னால் போய்விட்டது. வேறொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இறக்கம் நீளமானது, நேரானது. அதன் அடியில் ரோடு சட்டென்று இடப்பக்கம் மடங்குகிறது. திரும்பாமல் நேரே போனால், லாரிகள் மண் எடுக்கப் போன ஒரு செம்மண் பாதை மேட்டில் ஏறும். வலப்பக்கம் போனால் அலையாத்தி மரங்களும் சேறும்தான். ஓரத்தில் நான்கு பிளாஸ்டிக் கூம்புகளை வைத்திருந்தார்கள். இவ்வளவு கனமான வண்டியை, அவரையும் வைத்துக்கொண்டு, அந்த வளைவுக்கு முன்னால் அடக்க முடியுமா? அன்று காலை முழுக்க எனக்கு அந்த ஒரு கேள்விதான்.

வண்டியைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக், பெங்காலி, எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். அண்ணன் என்கிற அர்த்தத்தில் தாதா என்றுதான் கூப்பிடுவோம். சக்கரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு என் கணவரைத் தள்ளிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். இருவரும் இந்தியில் பேசிக்கொண்டார்கள். நான் கேட்காத தூரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என் கணவர் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்:

"தாதா சொல்றான், இறக்கத்துல பிரேக்குக்கு தம் குடுக்கணுமாம். மறந்துடாத."

"சரி."

"என்ன சரி? இறங்குறப்ப ஃபுல்லா தம் குடுக்கணும். சமஜ்தீ ஹை? புரியுதா?"

"அதான் சரின்னேன்ல."

அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவர் அப்பா ராமநாதபுரத்திலிருந்து வந்தவர் என்றாலும் இவருக்குத் தமிழும் இந்தியும் ஒரே பையில் போட்ட அரிசியும் பருப்பும் மாதிரி. நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள். எங்கள் ஊரில் மூட்டை தூக்குகிறவர், "தம் கட்டித் தூக்குல" என்பார். மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டு, முழுப் பலத்தையும் போடு என்று அர்த்தம். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். வேனில் பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும். இது பழைய வண்டி, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், கால் பலம்தான் பலம். இறக்கம் பூராவும் பலமாக மிதித்துக்கொண்டே வர வேண்டும் போலிருக்கிறது, இந்த வண்டிக்கு அதுதான் முறை போல என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சுற்று நன்றாகவே போனது. எங்களுக்கு முன்னால் ஒரு பழைய ஜீப். அதை ஓட்டியவர் ஹேடோவில் துறைமுக வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், என் கணவருக்கு நண்பர். வாய் சும்மா இருக்காது. மேட்டின் உச்சியில் எங்களுக்காக வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டி, "தங்கச்சி, ஸ்கூலுக்கு லேட்டாயிடுச்சா? பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு மெதுவா வா!" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சூடேறிவிட்டது. இரண்டாவது சுற்றில் கொஞ்சம் அழுத்தி ஓட்டினேன்.

இறக்கம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தேன். மிதித்த காலை எடுக்கவே இல்லை. மூன்றாவது கியரில், பிரேக்கைப் பிடித்தபடியே அந்த நீள இறக்கம் முழுவதும் வந்தேன். வளைவில் வண்டி அடங்கியது. ஆனால் முதல் சுற்றில் பாதியில் பிடித்த மிதி, இப்போது இன்னும் கீழே போய்த்தான் பிடித்தது. அதோடு ஒரு நாற்றம், துணி மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து மறந்த மாதிரி.

"ஏங்க, ஏதோ கருகுது."

"அது ஜீப்பு. அவன் வண்டி என்னைக்கு நாறாம இருந்துச்சு? நீ போ."

அவர் ஜன்னலுக்கு வெளியே காதை வைத்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என் கால் என்ன செய்கிறது என்று அவர் பார்க்கவில்லை.

மூன்றாவது சுற்று. உச்சியில் ஜீப்பைத் தாண்டிவிட்டேன். எனக்கே நம்ப முடியவில்லை. அவர் "ஷாபாஷ்!" என்று இடது கையால் கதவைத் தட்டினார். அந்த வேகத்தோடேயே இறக்கத்தில் இறங்கி பிரேக்கை மிதித்தேன். முதலில் கொஞ்சம் பிடித்தது. பிறகு ஒன்றுமில்லை. மிதி கல் மாதிரி காலடியில் இருக்கிறது, நான் எழுந்து நிற்கிற மாதிரி அழுத்துகிறேன், வண்டி என் பேச்சைக் கேட்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. பிரேக் அறுந்துபோனால்கூட மனசுக்கு ஒரு விளக்கம் இருக்கும். இது, கதவைத் தட்டத் தட்ட உள்ளே ஆள் இருந்தும் திறக்காத மாதிரி இருந்தது.

"பிடிக்கலைங்க!"

அவர் திரும்பிப் பார்த்தார். "தம் குடு! தம் குடு!"

நான் இன்னும் அழுத்தினேன்.

"அரே, தம் குடுடீ!"

இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்து, முதுகை சீட்டில் முட்டுக்கொடுத்து அழுத்தினேன். வளைவு எதிரே பெரிதாகிக்கொண்டே வந்தது. கூம்பு ஓரத்தில் நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். வலப்பக்கம் சேறு பளபளத்தது. அந்த நேரத்தில் என் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சுரீரென்று ஒரு இழுப்பு. கால் தானாக மேலே வந்துவிட்டது.

கால் வந்ததும் கை வேலையைப் பார்த்தது. வேனில் தினமும் செய்வதுதான். கிளட்சை அமுக்கி, கியரை இரண்டுக்குத் தள்ளி, கிளட்சை விட்டேன். இன்ஜின் அலறியது. வண்டி முன்பக்கம் குனிந்து, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி வேகம் குறைந்தது. பிரேக்கை விட்டு விட்டு இரண்டு மூன்று தடவை மிதித்தேன். துளி பிடித்தது, அவ்வளவுதான். இந்த வேகத்தில் இடப்பக்கம் திருப்பினால் வண்டி சறுக்கிச் சேற்றுக்குத்தான் போகும் என்று தெரிந்துவிட்டது. திருப்பவில்லை. நேரே விட்டேன். ஒரு கூம்பு பானெட்டில் அடித்துப் பறந்தது. செம்மண் பாதையில் ஏறினோம். மேடு வண்டியைத் தாங்கிக்கொண்டது. வேகம் இறங்கி இறங்கி, ஒரு மண் குவியலுக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஜின் அணைந்து, வண்டி குலுங்கி நின்றது. கியரிலேயே நின்றது.

அவர் என் தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருவரும் முழுசாக இருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீரும் வந்தது.

"ஹேண்ட் பிரேக் மத் கீச்னா பாபி! மத் கீச்னா!" என்று மெக்கானிக் கத்திக்கொண்டே ஓடிவந்தார். இழுக்காதீங்க அண்ணி என்கிறார். கொதிக்கிற டிரம்மில் ஹேண்ட் பிரேக் போட்டால் ஆறும்போது அப்படியே கவ்விக்கொள்ளுமாம். நான் அதைத் தொடவே இல்லை. ஜீப்காரர் ஒரு கல்லைத் தூக்கிவந்து பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். நான்கு சக்கரத்திலிருந்தும் சன்னமாகப் புகை வந்துகொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி, பம்பூஃப்ளாட் ஃபெர்ரி போயிடும்னு குறுக்கு வழியில வந்துட்டியா?" என்றார். சொல்லிக்கொண்டே ஜீப்காரர் அந்தக் கல்லை இன்னொரு தடவை உதைத்து இறுக்கினார்.

இறங்கியதும் என் கணவருக்குக் கோபம் வந்தது. பயம் போனதும் வருகிற கோபம். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, தம் குடு தம் குடுன்னு!"

"குடுத்தேனே! இடுப்பு ஒடியக் குடுத்தேனே!"

"எங்க குடுத்த? மேலேருந்து கீழ வரைக்கும் அமுக்கிட்டே வந்திருக்க! டிரம்மு செவந்து கெடக்கு!"

"அமுக்குறதுதானய்யா தம்மு!"

மெக்கானிக் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன சொன்னாய் என்று அவர் இந்தியில் கேட்க, என் கணவர் சொல்ல, மெக்கானிக் நெற்றியில் அடித்துக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து மூச்சை நீளமாக இழுத்து விட்டுக் காட்டினார். "தம், பாபி! ஸான்ஸ்! பிரேக் கோ ஸான்ஸ் லேனே தோ!"

மூச்சு. இந்தியில் தம் என்றாலும் மூச்சு, ஸான்ஸ் என்றாலும் மூச்சு. பிரேக்கை விட்டு விட்டுப் பிடி, நடுவில் அதை மூச்சு விடச் செய், சூடு ஆறட்டும் என்பதுதான் மெக்கானிக் சொன்னது. என் கணவர் அதைத் தமிழாக்கும்போது அந்த ஒரு சொல்லை மட்டும் அப்படியே போட்டுவிட்டார். அவருக்கு அது இந்தி என்றே தோன்றவில்லை. எனக்கு அது தமிழ் இல்லை என்று தோன்றவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் குப்பை கொட்டியிருக்கிறோம்.

"நான் நெனச்சேன், மச்சான் உன்னை சிகரெட் பிடிக்கச் சொல்றான்னு" என்றார் ஜீப்காரர். "அந்தத் தம்மைத்தான் வண்டி அடிச்சிருக்கு, பாரு, புகைய!"

வண்டி ஆறும்வரை மண் மேட்டில் உட்கார்ந்திருந்தோம். யாரோ டீ கொடுத்தார்கள். கூட்டம் என்னைப் பார்த்தது, நானும் கூட்டத்தைப் பார்த்தேன், வெட்கப்படத் தெம்பு இல்லை. மெக்கானிக் சக்கரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கை வைக்க முடிந்தபோது லைனிங்கைச் சரிபார்த்து, பிரேக்கை முடுக்கினார். அந்த இடத்திலேயே மெதுவாக ஓட்டி, நிறுத்தி, ஓட்டிப் பார்த்துவிட்டு, "டீக் ஹை" என்றார். வண்டியை வீடு வரை அவரே ஓட்டி வந்துவிடுவதாகவும் சொன்னார்.

மிச்சம் ஒரு சுற்று இருந்தது. என் கணவர் காரின் பானெட்டில் கூம்பு அடித்த இடத்தை இடது கையால் தடவிக்கொண்டிருந்தார். அந்த இறக்கத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனால், திங்கட்கிழமை வேனில் ஒவ்வொரு இறக்கத்திலும் எனக்குக் கால் நடுங்கும் என்று தோன்றியது.

"ஏறுங்க" என்றேன்.

இந்தத் தடவை என் வழியில் போனேன். உச்சியிலேயே இரண்டாவது கியர் போட்டுவிட்டேன். இன்ஜின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. பிரேக்கை அழுத்தமாக ஒரு தடவை மிதித்து, முழுசாக விட்டேன். கொஞ்ச தூரம் கழித்து மறுபடி. ஒவ்வொரு தடவையும் பிடித்தது. பக்கத்தில் அவர் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். பின்னால் ஜீப் ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். விடாமல், மெதுவாக, முழுசாக. வண்டி சரியாகக் கூம்புகளுக்கு நேராக நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்துன?"

"நிக்குதான்னு பாத்தேன்."

"நிக்குதா?"

"நிக்குது."

அவர் கதவுப் பிடியை விட்டார். "சரி, போ" என்றார்.