கல்லும் காலும்

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பெற்றோர்கள் வைத்த பட்டப்பெயர் சொடக்கு டீச்சர். குறிலுக்கு ஒரு சொடக்கு, நெடிலுக்கு இரண்டு. ‘க’ என்று நறுக்கி ஒன்று, ‘கா’ என்று இழுத்து இரண்டு. எப்பேர்ப்பட்ட மந்தப் பிள்ளையும் அவளிடம் வந்தால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடும் என்று பெயர்.

அந்த வருஷம் அவள் பெற்ற மகளே வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் டீச்சருக்கு முதல் கவலை. வாசலைத் தாண்டினால் அம்மா இல்லை, டீச்சர்தான் என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தாள். ஆனால் மகளுக்குக் குறில் நாக்கில் நிற்கவில்லை. ‘படம்’ அவள் வாயில் ‘பாடம்’ ஆனது. ஒருநாள் ‘பல்’ என்ற அட்டையைப் பார்த்து ‘பால்’ என்றாள். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. சிரித்த வாயோடு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக ‘பல்’ என்று கத்தின, திருத்தமாக.

டீச்சர் அதைக் கவனித்துக்கொண்டாள். மறுநாளும் மகளைத்தான் எழுப்பினாள். அதற்கு அடுத்த நாளும். இவள் தப்பாகச் சொல்ல, மற்றவர்கள் சிரித்துத் திருத்த, பாடம் மளமளவென்று ஓடியது. சொந்தப் பிள்ளை என்றுகூடப் பார்க்காத டீச்சர் என்று தலைமையாசிரியை மெச்சினார். தையல்கடை வைத்திருந்த கணவன் மட்டும், பிள்ளை வரவர வாயே திறப்பதில்லை, விட்டுவிடு என்றான். உன் கத்தரியோடு நிறுத்திக்கொள் என்று அவன் வாயை அடைத்தாள்.

குளியலறைக் கதவுக்குப் பின்னால் மகள் சொல்லிப் பார்ப்பது அவளுக்குக் கேட்கும். பிஞ்சு விரலுக்குச் சொடக்கு வராது; தொடையில் தட்டிக்கொள்வாள். டீச்சர் கேட்காதவள்போல் வெங்காயம் நறுக்குவாள்.

பெற்றோர்கள் பாடம் பார்க்க வந்த நாளில் அறை நிரம்பியிருந்தது. டீச்சர் மகளை எழுப்பி ‘கல்’ அட்டையைக் காட்டினாள்.

“கல்,” என்றாள் மகள். நறுக்கென்று, சுத்தமாக.

சிரிக்கக் காத்திருந்த பிள்ளைகள் விழித்தன. தலைமையாசிரியை புருவத்தை உயர்த்தினார். டீச்சர் அட்டையைக் கீழே இறக்கவில்லை.

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

மகள் அட்டையைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“கால்.”

அறை அதிர்ந்தது. பெற்றோர்களும் சிரித்தார்கள். பிள்ளைகள் ‘கல்’ என்று முழங்க, டீச்சர் ஒரு சொடக்குப் போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

மாலையில் வீட்டுக்கு நடக்கும்போது, தையல்கடை வாசலில் மகள் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, இன்னிக்கு நான் சரியா தப்பு சொன்னேனா?”

“ம். நல்லாச் சொன்னடா கண்ணு,” என்றாள் டீச்சர்.

உள்ளே கணவனின் தையல் மெஷின் நின்றது. மறுநாள் காலையில் அவன் தானே பள்ளிக்குப் போய், மகளைப் பக்கத்துப் பிரிவுக்கு மாற்றிவிட்டான். அங்கே அவள் தடுமாறாமல் வாசிப்பதாக அந்த டீச்சர் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் எதிரே நிற்பவரின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறாளாம்.

சொடக்கு டீச்சரின் வகுப்பு சிரிப்பில்லாமல் வறண்டது. பிள்ளைகள் கொட்டாவி விட்டன. திங்கட்கிழமை அவள் பள்ளி ஆயாவின் மகளை எழுப்பி நிறுத்தினாள். அந்தப் பிள்ளைக்கு லேசாகத் திக்கும்.