சமீர் மாற்றிக் கேட்ட கேள்வி

திருப்பூரில் நானும் கணவரும் சின்னதாக ஒரு பனியன் யூனிட் நடத்துகிறோம். எங்கள் டெய்லர் சமீருக்குச் சொந்த ஊர் அகமதாபாத். பல வருடம் இங்கே இருப்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். போன தீபாவளி லீவில் நாங்கள் குஜராத் போனபோது, மதில் சூழ்ந்த பழைய நகரத்தில் இருக்கும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்.

கோட்டை வாசலைத் தாண்டி, குறுகலான சந்துகள் வழியாகக் கூட்டிப் போனார். அவருடைய அம்மா சூடாக ரொட்டி சுட்டுப் போட்டார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏனுங்க சமீர், இங்க கலவரமெல்லாம் நடந்துச்சாமே? எந்தத் தெருவுலன்னு அம்மாகிட்டக் கேளுங்க."

சமீர் அம்மா பக்கம் திரும்பினார். அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். அம்மா முகம் மலர்ந்து நிறையப் பேசினார். கிளம்பும்போது ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாயை என் கையில் திணித்தார்.

வெளியே வந்ததும், "ஊறுகாய் எதுக்குங்க?" என்றேன்.

"ஊறுகாய் எப்படிப் போடறதுன்னு நீங்க கேக்கறதா அம்மாகிட்டச் சொன்னேன்க்கா. எங்க அண்ணன் அந்தக் கலவரத்துலதான் செத்துப்போனாரு. அந்தப் பேச்சு வந்தா அம்மா ரெண்டு நாளைக்குச் சாப்பிட மாட்டாங்க."

கணவர் சமீரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

முன்பெல்லாம் யூனிட்டுக்கு வெளிமாநிலத்திலிருந்து யாராவது புதிதாக வந்தால், "உங்க ஊர்ல அப்படியாமே?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பேன். அதை அடியோடு விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் டீ கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகி, திருப்பூர்