கழித்துவிட்ட மலை

ஆவணக் காப்பகத்தின் வரைபடப் பிரிவில் அவளுக்குக் குண்டூசி அக்கா என்று பெயர். பழைய வரைபடத்தைக் கணினியில் ஏற்றி, அதிலுள்ள ஊர்ப்பெயர்களைப் படித்து, இன்று அந்த ஊர் எங்கே இருக்கிறதோ அங்கே புள்ளி குத்துவது அவள் வேலை. ஏழெட்டுப் புள்ளி குத்தினால் போதும். கணினி அந்தத் தாளை இழுத்துப் பிடித்து இன்றைய நிலத்தின்மேல் பொருத்திவிடும். ஒன்பது வருடமாகக் குத்துகிறாள். அவள் தாளில் பிழை இருக்காது என்று பிரிவே சொல்லும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மற்றவற்றோடு ஒத்துப்போகாத புள்ளியைக் கணினி சிவப்பாகக் காட்டும். அதைக் கழித்துவிட்டால் எல்லாம் பச்சையாகும், மேலதிகாரி வாயைத் திறக்க மாட்டார். இதை எல்லோரும் செய்கிறார்கள். அவளும் செய்தாள்.

அவள் மாமனாரின் ஊர் நீர்த்தேக்கத்துக்குள் போய் நாற்பத்தைந்து வருடம் ஆகிறது. இந்த வருடம் நீர் வற்றி, அடிமண் வெடித்துக் கிடந்தது. பெரியவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "என் பெரியவளைப் புதைச்ச இடத்துல ஒரு தடவை உக்காந்துட்டு வந்துடணும்மா. உன் ஆபீஸ்ல படம் ஏதாச்சும் இருக்குமா?"

அவருடைய அந்த மூத்த மகள் மூன்று வயதில் காய்ச்சலில் போனவள். குண்டூசி அக்காவின் கணவன் பிறப்பதற்கு முன்பே.

ஒரே மதியத்தில் வரைபடத்தைத் தேடியெடுத்துப் பொருத்தி, இடுகாட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கணவன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனான். பெரியவர் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தாராம்.

அன்று சாப்பிடும்போது சொன்னார்: "அங்க தெக்கே பாத்து உக்காந்தா மலை எனக்கு வலது கைப்பக்கம் இருக்கணும். இன்னிக்கு நேரெதிர்ல நிக்குது. வயசாச்சுல்ல, எல்லாம் மறந்துபோச்சு. நீ குறிச்சுக் குடுத்தது தப்பாவா இருக்கும்?"

அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். அந்த வரைபடத்தில் சிவப்பாக வந்தது மலைதான். அதைத்தான் கழித்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அதைத் திறந்தாள். பக்கத்து ஊர்கள் மூன்றும் நீர் வந்தபோது பெயரைத் தூக்கிக்கொண்டு கரையேறியவை. அவள் புதுக்கரையில் குத்தியிருந்தாள். மூன்றும் ஒரே பக்கம் நகர்ந்ததால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. இடம் மாறாத மலை மட்டும் பொய் சொல்வதாகத் தெரிந்தது. நீரில் முங்கிய ஊருக்கு மருமகளாக வந்தவளுக்கு இது தோன்றாமல் போனதுதான் கேவலம். மலையைத் திரும்பச் சேர்த்து, மூன்று ஊரையும் நீக்கி, அவற்றுக்குப் பதில் நகராத பாறைகளில் குத்தினாள். பத்து நிமிட வேலை. இடுகாடு ஒன்றரை கிலோமீட்டர் தெற்கே போய் நின்றது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், மாமனார் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மருமகதான் கண்டுபிடிச்சுக் குடுத்தா. பெரிய படிப்பாளி." அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுக்களைக்குள் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமையும் சொல்லவில்லை. மனுஷர் நிம்மதியாக இருக்கிறார், கெடுப்பானேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரக்கமாவது, மண்ணாங்கட்டியாவது! தன் பேர் கெட்டுவிடுமே என்ற பயம். அது அவளுக்கே தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு நாளும் அவருக்குக் காபி கலந்து கொடுத்தாள்.

புதன்கிழமை மேற்கே கனமழை. மதியத்துக்குள் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் புகுந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

வியாழக்கிழமை அவர் எதிரில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். "தப்பு என்னோடதுதான் மாமா. நீங்க உக்காந்தது வேற இடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"எப்போம்மா தெரிஞ்சுது உனக்கு?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"திங்கட்கிழமை."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"தண்ணி புதன்கிழமைதானேம்மா வந்துச்சு?"