துடக்குக் காத்த நாளும் ஷோமாஜ் காசும்

அப்பா செத்த நேரம் எனக்கு வேலையில்லை. சென்ட் லோரன்டில பெட்டி அடுக்கிற ஃபக்டரி ஒண்டில நிண்டனான். அதைப் பூட்டிப்போட்டுச் சீனாவுக்குக் கொண்டு போயிட்டாங்கள். பிறகு ஷோமாஜ். வேலை பறிபோன ஆக்களுக்கு அரசாங்கம் குடுக்கிற காசை மொன்றியலில எங்கட சனம் அப்பிடித்தான் சொல்லும். அதிலதான் வாடகையும் சாப்பாடும் ஓடினது. அதைவிடப் பெரிய விசயம் ஒண்டும் அதில தொங்கிக்கொண்டு நிண்டது. ஊரில இருந்து அம்மாவை இஞ்சை கூப்பிட ஸ்பொன்சர் போட்டிருந்தன். ஷோமாஜ் நிண்டு வெல்ஃபெயருக்குப் போனனெண்டால் அம்மா வர ஏலாது. பிச்சைக் காசில இருக்கிறவன் இன்னொராளைப் பொறுப்பெடுக்கக் கூடாதாம், இவங்கட சட்டம்.

சண்டையால ஊருக்குப் போற பாதையைப் பூட்டியிருந்தாங்கள். மூத்த மகன் நான் இஞ்சை சென்ட் மிஷேலில குந்திக்கொண்டிருக்க, சித்தப்பாவின்ர மகன்தான் கொள்ளி வைச்சான். எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போச்சு. இதையாவது ஒழுங்காச் செய்வம் எண்டு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரைக்கும் செத்தவீட்டுத் துடக்குக் காத்தன். சவரம் செய்யேல்லை, மச்ச மாமிசம் தொடேல்லை, கோயிலுக்கோ ஒருத்தற்றை வீட்டுக்கோ போகேல்லை. இஞ்சை எல்லாரும் எட்டாம் நாள் செலவு முடிய வேலைக்குப் போயிடுவினம். நான் மாட்டன் எண்டு நிண்டன். கூட்டாளி ஒருத்தன் வேலை ஒண்டு இருக்கெண்டு ஃபோன் எடுத்தவன், அந்தியேட்டி முடியட்டும் எண்டு சொல்லிப்போட்டன். வேலையில்லாதவனுக்குத் துடக்குக் காக்கிறது சுகம்தானே எண்டு பகிடி விட்டிட்டு வைச்சான்.

ஷோமாஜ் எடுக்கிறவன் ரண்டு கிழமைக்கு ஒருக்கா ஃபோன் அடிச்சு மிசினுக்குப் பதில் சொல்லவேணும். வேலை செய்தனியோ, நாட்டை விட்டுப் போனனியோ, ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக ஆயத்தமா இருந்தனியோ எண்டு அது கேக்கும். மற்ற நாளையில அந்தக் கடைசிக் கேள்வி முடிய முதலே ஓம் எண்ட பொத்தானை அமத்திப்போட்டுத் தேத்தண்ணி போடப் போயிடுவன். அந்தமுறை கேட்டுக்கொண்டு நிண்டன். அப்பான்ர துடக்கோட நிண்டு பொய் சொல்ல மனம் வரேல்லை. இல்லை எண்டதை அமத்தினன். நாசமாப் போன மிசினுக்குத் துடக்கைப் பற்றி என்ன தெரியும்? காசை நிப்பாட்டிப்போட்டு, விசாரிக்க வா எண்டு கூப்பிட்டாங்கள்.

மேல்வீட்டு அண்ணைக்கு நல்ல பிரெஞ்சு. எங்கட சனத்தின்ர அரசாங்கக் கந்தோர் அலுவலெல்லாம் அவர்தான் பாக்கிறவர். கதையைக் கேட்டுப்போட்டு, உனக்கென்ன விசரோ, மிசினுக்கு ஆரடா உண்மை சொல்லுறது எண்டு பேசினார். பிழையா அமத்திப்போட்டன் எண்டு சொல்லு, மிச்சத்தை நான் பாக்கிறன் எண்டார். நானும் தலையாட்டினன். எனக்கு அம்மா வரவேணும்.

ஷோமாஜ் கந்தோரில இருந்த மனுசி நல்ல மாதிரி. அப்பா செத்ததுக்குக் கவலை சொன்னா. பிறகு ஒண்டே ஒண்டு கேட்டா. அதை அண்ணை எனக்குத் தமிழில சொன்னார்.

"அந்த நாளையில ஆரும் வேலைக்கு வா எண்டு கூப்பிட்டிருந்தால் போயிருப்பியோ எண்டு கேக்கிறா. ஓம் எண்டு சொல்லு."

நான் சொல்ல முதலே அண்ணை அவவுக்கு 'வுய்' எண்டிட்டார். அவ எழுதத் தொடங்கினா. அப்பாவைக் கடைசியா ஒருக்கால் பாக்கேல்லை, ஒரு பிடி வாய்க்கரிசி போடேல்லை. மகன் எண்டு நான் செய்தது அந்த நாளைக் காத்தது மட்டும்தான். அதையும் நான் செய்யேல்லை எண்டு அந்த மனுசி எழுதிக்கொண்டிருந்தா. என்னால தாங்கேலாமல் போச்சு.

"நோன்" எண்டன். அவ்வளவு பிரெஞ்சு எனக்கும் தெரியும்.

அண்ணை தலையில கை வைச்சார். அவ திரும்பக் கேட்டா, நானும் திரும்ப அதையேதான் சொன்னன். ரண்டு பேர் ரண்டு விதமாச் சொல்லுறியள், இனி முழுக்க விசாரிக்கவேணும், அது முடியுமட்டும் காசு வராது எண்டிட்டா.

விசாரணை இழுபட்டுக்கொண்டு போச்சு. ஜான்-டலோன் சந்தையில கடை கடையா ஏறி இறங்கினன். பனிக்காலம், ஒருத்தரும் ஆள் எடுக்கேல்லை. அந்தக் கூட்டாளி சொன்ன வேலைக்கும் எப்பவோ வேற ஆள் போயிட்டுது. வீட்டுக்காரன் கதவைத் தட்டத் தொடங்கினான். வேற வழியில்லாமல் வெல்ஃபெயருக்குக் கையெழுத்து வைச்சன். ஸ்பொன்சர் அதோட சரி. வெளியில வந்து அந்தக் கந்தோர்ப் படியில இருந்து அழுதன், போறவாற சனம் பாக்கப் பாக்க. செத்துப் போகலாம் போல இருந்தது.

அம்மாவுக்குச் சொல்லத்தானே வேணும். ஃபோன் எடுத்து மிசினில இருந்து வெல்ஃபெயர் வரைக்கும் ஒண்டும் ஒளிக்காமல் சொன்னன். முழுக்கக் கேட்டுப்போட்டு அம்மா சொன்னா.

"அப்பாவுக்கு நீ செய்தது போதும் தம்பி. நான் செத்தால் துடக்கு ஒண்டும் காக்காதை. அடுத்த நாளே வேலைக்குப் போ."